பழநிக்கு நடக்க ஒரு பேக்கேஜ்

ஐப்பசியில் ஒரு நாள் மாப்பிள்ளை கோயமுத்தூரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தார். பச்சை வேட்டி கட்டின ஒருவர் முதுகைக் காட்டி நிற்கிறார், எதிரே பனிமூட்டத்தில் பழநி மலை. கொடுமுடியிலிருந்து பழநிக்கு ஐந்து நாள் நடை. பத்துப் பேர் மட்டும். கூடவே ஒரு வழிகாட்டி. மூட்டை முடிச்சை வண்டி கொண்டுபோகும். இரவில் கட்டில், மெத்தை, காலையில் வெந்நீர். ஆளுக்கு இருபத்து நாலாயிரம் ரூபாய். கீழே மாப்பிள்ளை, "மாமா, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டிருந்தார்.

நான் நினைத்ததை அப்படியே எழுதினால் நன்றாக இருக்காது. சிரித்தேன். பக்கத்திலிருந்த வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டி, "முருகனுக்கும் மெத்தை போட்டுட்டாங்க பாரு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

1983இல் இருந்து 2008 வரைக்கும் இருபத்திரண்டு முறை ராசிபுரத்திலிருந்து பழநிக்கு நடந்தவன் நான். நடுவில் விட்டுப்போன வருடங்கள், வீட்டில் தீட்டு வந்தவையும், தேர்தல் வேலை வந்தவையும். எங்கள் வழி நாமக்கல், பரமத்தி, வேலூர் பாலம் தாண்டி நொய்யல், கொடுமுடி, முத்தூர், வெள்ளகோவில், தாராபுரம், பழநி. மொத்தம் 170, 180 கிலோமீட்டர் வரும். ஆறு நாள். பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் போகிற இரவெல்லாம் வளர்பிறை நிலா கூடவே வரும். வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு நடை, மூன்று மணிக்கு மேல் ஒரு நடை, சோறு தின்றபின் நிலா வெளிச்சத்தில் ஒரு நடை. படுக்கை, பள்ளிக்கூடத் திண்ணையோ, கோயில் மண்டபமோ, நெல் களமோ. ஒரு வருடம் மூலனூர்ப் பிரிவுக்கு அந்தப்புறம் ஒரு கோழிப்பண்ணை கொட்டகையில் படுத்தோம். நாமக்கல்காரனுக்கு அந்த வாசம் புதிதில்லை என்பதால் தூங்கிவிட்டோம்.

இப்படி நடந்தவனுக்கு அந்த விளம்பரம் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு மூன்று நாள் யோசித்ததில் ஒன்று தெரிந்தது. நாங்கள் போனதும் வழிகாட்டியோடு போன சின்னக் குழுதான். எங்கள் குருசாமி ஒருவர் இருந்தார், மில்லில் வேலை பார்த்தவர். எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாம், எந்த ஊரில் நாய் அதிகம், எந்த மண்டபத்துக்குச் சாவி யார் வீட்டில் இருக்கிறது எல்லாம் அவருக்கு மனப்பாடம். நாற்பது பேர் போவோம். அரிசி, பாத்திரம், ஜமக்காளம் முதலில் மாட்டுவண்டியில் வந்தது, பிறகு டெம்போவில், கடைசியில் குட்டியானையில். காவடியைத் தவிர வேறெதையும் நான் தோளில் சுமந்ததாக நினைவில்லை. மூட்டையை வண்டி சுமக்கும் என்றதற்குச் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை?

பெரிய குழுக்களையும் பாருங்கள். நம் எடப்பாடிக்காரர்கள் 350 வருடங்களுக்கு மேலாகப் போகிறார்கள். பருவதராஜ குலத்தார் காவடி. தைப்பூசம் முடிந்து சில நாள் கழித்துக் கூட்டம் கூட்டமாகப் போய்ச் சேர்ந்து, மலைமேலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைவார்கள். மலையில் இரவு தங்குகிற உரிமை அவர்களுக்கு மட்டும்தான் உண்டு. பழம் உரிக்க யார், சர்க்கரை இடிக்க யார், காவடிக்கு முன்னால் போக யார் என்று முறை வகுத்து வைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டு நகரத்தார் குன்றக்குடி வழியாகக் காவடி கொண்டுபோய், திரும்பவும் நடந்தே ஊர் வந்து சேர்கிறார்கள். ஏற்பாடு இல்லாத பாதயாத்திரை நம் ஊரில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஏற்பாட்டுக்குக் காசு வாங்குவதுதான் புதிது. எங்கள் குழுவிலும் தலைக்கு இவ்வளவு என்று வரி வசூலித்தோம். 1983இல் கொடுத்தது முப்பதோ நாற்பதோ.

அப்படியானால் எனக்கு உறுத்தியது எது? இருபத்து நாலாயிரம் என்ற எண்ணா? அதுவும் ஒரு காரணம்தான், மறைப்பானேன். பென்ஷன்காரன் புத்தி. ஆனால் அதைவிடப் பெரியதாக ஒன்று இருந்தது.

முத்தூர் தாண்டி ஒரு வேலாமர நிழலில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு மண்பானை, அதில் மோர். கறிவேப்பிலையும் பெருங்காயமும் போட்டு, உப்பு கொஞ்சம் தூக்கலாக. ஒவ்வொரு வருடமும் அதே இடம். நாங்கள் குடித்துவிட்டுத் தம்ளரைக் கொடுத்தால், "சாமி, என்ர பேத்திக்கு ஒரு வழி பொறக்கோணும்னு சொல்லிப்போட்டு வாங்க சாமி" என்பார். அவரால் நடக்க முடியாது, எங்களால் முடிகிறது. அவர் வேண்டுதலை நாங்கள் சுமக்கிறோம், எங்கள் தாகத்தை அவர் தீர்க்கிறார். ஆபீஸில் என்னை சார் என்று கூப்பிட்டவர்கள் உண்டு, "யோவ்" என்று கூப்பிட்டவர்களும் உண்டு. மாலை போட்டிருந்த அந்த ஆறு நாளில்தான் ஒரு கிழவி என்னைச் சாமி என்று கும்பிட்டார். கூசும். கூசினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். கை நீட்டி வாங்கப் பழகுவதுதான் அந்த ஆறு நாள் படிப்பு. குளிர்ந்த தண்ணீர் பாட்டிலோடு வண்டி பின்னாலேயே வந்துகொண்டிருந்தால் அந்தப் பாட்டி எதற்கு? காசு கொடுத்துவிட்டவன் யாரிடமும் வாங்கவேண்டிய அவசியம் இல்லாதவன். அவன் ஊர்களுக்கு நடுவே நடந்து போவான், ஊருக்குள் போகமாட்டான்.

இதைத்தான் மாப்பிள்ளைக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதுமுன் மற்ற தேசங்களில் என்ன செய்கிறார்கள் என்று கொஞ்சம் படித்தேன். ஸ்பெயின் நாட்டில் சந்தியாகோ என்ற ஊருக்கு ஒரு பழைய யாத்திரைப் பாதை இருக்கிறது. பிரான்ஸ் எல்லையிலிருந்து போனால் ஏறக்குறைய 780 கிலோமீட்டர். ஆயிரம் வருடத்துப் பாதை. 1980களின் நடுவில் வருடத்துக்கு மிகக் குறைவான பேர்தான் போனார்கள், பாதையே அழிகிற நிலை. வழியில் ஒரு மலைக்கிராமத்துப் பாதிரியார், எலியாஸ் வாலிஞ்ஞா என்று பெயர், 1984இல் ஊர் ஊராகப் போய் மரத்திலும் பாறையிலும் சுவரிலும் மஞ்சள் அம்புக்குறி வரைந்தார். சாலை வேலையில் மிஞ்சிய பெயிண்ட் என்று சொல்கிறார்கள். சாலை வேலையில் முப்பத்து நாலு வருடம் கழித்தவன் என்பதால் அந்தப் பெயிண்ட் டப்பா விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எங்களிடமும் மிஞ்சும். அது எங்கே போகும் என்பது வேறு கதை. 1993இல் யுனெஸ்கோ அந்தப் பாதையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்று வருடத்துக்கு நாலு லட்சம் பேருக்கு மேல் நடந்து சேருகிறார்கள்.

அங்கே நடந்ததற்குச் சான்றிதழ் உண்டு. கடைசி 100 கிலோமீட்டராவது நடந்திருந்தால் போதும். அதனால் ஏராளமான பேர் சாரியா என்ற ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி அங்கிருந்து நடக்கிறார்கள். சுற்றுலாக் கம்பெனிகளின் சின்னக் குழுக்களும் பலவும் அங்கிருந்துதான். முழுதும் நடந்து களைத்து வருகிறவர்களுக்கு இவர்களைக் கண்டால் இளக்காரம். படித்தபோது என் சிரிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அதே பாதையில் பஞ்சாயத்துக்காரர்களும் கோயில் சபைக்காரர்களும் நடத்துகிற மலிவான விடுதிகளும் இருக்கின்றன. பணம் உள்ளவன் ஓட்டலில் படுக்கிறான், இல்லாதவன் விடுதியில் படுக்கிறான், அம்புக்குறி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பாதை பொது. எனக்கு அந்தக் கணக்கு சரியாகப் பட்டது.

நமக்கும் இப்படி இருந்ததே. சத்திரம், சுமைதாங்கிக் கல், சாலைக் கிணறு. ஒட்டன்சத்திரத்தின் பெயரிலேயே சத்திரம் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நட்டார்கள். தலைச்சுமைக்காரன் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்குவதற்கு. இப்போது அந்தக் கற்கள் சாலை அகலமானதில் போனது போக, மிச்சம் சாக்கடைப் பாலமாகக் கிடக்கின்றன. ஏழாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை என்று இருந்த நாளில் சேலத்திலிருந்து கரூர் வரை இரண்டு பக்கமும் புளியமரம். நாலுவழி வந்தபோது அந்த மரங்களுக்கு நம்பர் போட்டுக் கணக்கெடுத்தவர்களில் நானும் ஒருவன். சாலை வேண்டியதுதான், அதை இன்றைக்கும் மறுக்கமாட்டேன். ஆனால் கையில் சுண்ணாம்பு டப்பாவோடு நான் நின்ற அந்த மரங்களின் அடியில்தான் நான்கைந்து தையில் படுத்து எழுந்திருந்தேன்.

மாப்பிள்ளைக்கு எழுதிய பதிலை அனுப்புமுன் வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். பாட்டி, மோர், கை நீட்டி வாங்குவது எல்லாம். கேட்டு முடித்துவிட்டு அவள் சொன்னாள்: "ஏனுங்க, நீங்க இருவத்திரண்டு தடவ போனீங்க. நான் ஒரு தடவயாச்சும் முழுசா போனேனுங்களா?"

1996 தையில் அவள் எங்கள் குழுவோடு வந்தாள். மாலை போட்டு, ஒருவேளை உண்டு, கால் பழக வேண்டும் என்று ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் விடியற்காலையில் நடந்து, அத்தனையும் சரியாகச் செய்துதான் வந்தாள். மூன்றாவது நாள் வெள்ளகோவிலுக்கு முன்னால் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் கேட்டபோதுதான் சொன்னாள். இரண்டு நாளாகத் தண்ணீரே சரியாகக் குடிக்கவில்லை. குடித்தால் ஒதுங்க வேண்டும். நாற்பது பேரில் பெண்கள் ஏழு பேர். சாலை ஓரம், லாரி வெளிச்சம். இருட்டும்வரை அடக்க வேண்டும், இருட்டினால் பயம். ஆண்கள் எங்களுக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. குருசாமிக்கு எந்தக் கிணறு நல்ல தண்ணீர் என்று தெரியும், ஏழு பெண்கள் எங்கே போவார்கள் என்று தெரியாது. அவருக்குத் தெரியாதது மட்டுமல்ல, எனக்கும் தெரியாது, அவள் புருஷன் நான். அவளை பஸ்ஸில் ராசிபுரத்துக்கு ஏற்றி அனுப்பிவிட்டு நான் மீதி தூரம் நடந்து போய் சாமி கும்பிட்டுவிட்டு வந்தேன். அப்போது அது பக்தி என்றே நினைத்தேன். வந்ததும் பஞ்சாமிர்த டப்பாவை அவள் கையில் கொடுத்தேன்.

விளம்பரத்தை அவள் நான் படித்ததுபோலப் படிக்கவில்லை. எட்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை கழிப்பறை வசதி என்று ஒரு வரி இருந்தது. மெத்தை என்ற சொல்லோடு நான் நின்றுவிட்டேன். அவள் அந்த வரியில் போய் நின்றிருக்கிறாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எழுத வெட்கமாக இருக்கிறது. எங்கள் நாற்பது பேரில் யார் யார் சேரலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருந்தது. யாரும் வாயால் சொன்னதில்லை, எல்லாருக்கும் தெரியும். மராட்டியத்தில் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்கு ஞானேஸ்வரர் பல்லக்கோடு 250 கிலோமீட்டர் போல நடந்து போவார்கள், திண்டி என்ற சின்னச் சின்னக் குழுக்களாக. ஐராவதி கார்வே என்ற அறிஞர் அம்மையார் அப்படி நடந்துவிட்டு, ஒன்றாகப் பாடி நடந்தவர்கள் சாப்பிடும்போது மட்டும் சாதிப்படி பிரிந்து உட்கார்ந்ததைப் பார்த்து மனம் வருந்தி எழுதினார். நம் பக்கம் எழுதவில்லை, அவ்வளவுதான். எங்கள் அலுவலகத்தில் சாலைப் பணியாளர் ஒருவர், என்னைவிட நல்ல முருக பக்தர், என்னோடு ஒரு வருடம் வரட்டுமா என்று கேட்டார். வேறு குழு இருக்கிறதே என்று மழுப்பினேன். பணம் கட்டி வருகிற பத்துப் பேர் ஒருவரை ஒருவர் முன்பின் அறியாதவர்கள். அவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க வாய்ப்பு குறைவு. பணம் இல்லாதவரைப் பணமே தடுத்துவிடும் என்பதும் உண்மைதான். ஒரு வாசல் அடைத்து இன்னொரு வாசல் திறக்கிற கதை. ஆனாலும் நாங்கள் அடைத்த வாசலை மறந்துவிட்டு அவர்கள் அடைப்பதை மட்டும் பேசுவது நியாயமில்லை.

ஆகவே என் கருத்து மாறியிருக்கிறது, முழுக்க இல்லை. நம் வயதுக்காரர்களும், பெண்களும், ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் முடியாதவர்களும் இப்படி ஒரு சின்னக் குழுவாக, ஆள் துணையோடு போவதில் தப்பே இல்லை. தைப்பூச வாரத்தில் மட்டும் இவர்கள் வரவேண்டாம். அந்த வாரத்தில் வழியில் இருக்கிற கல்யாண மண்டபங்களை முன்பணம் கட்டிப் பிடித்துவிட்டால் காலங்காலமாகப் போகிற கூட்டம் எங்கே படுக்கும்? மார்கழி இருக்கிறது, தையின் முதல் வாரம் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடித் தீர்த்தம் எடுத்துப் போகிற வழக்கம் உண்டுதான், ஆனால் அந்த வெயில் அறுபது தாண்டினவர்களுக்கு ஆகாது. வழிகாட்டி என்று போடுகிறவர் அந்த வழி ஊர்களில் பிறந்தவராக இருக்க வேண்டும். மகுடேசுவரர் கோயில் வன்னிமரத்தைக் காட்டுவதோடு, கே.பி.சுந்தராம்பாள் பிறந்த ஊர் இது என்றும், இங்கேதான் காவிரி கிழக்கே திரும்புகிறது என்றும் சொல்லத் தெரிய வேண்டும். எந்த வீட்டில் போய் உட்காரலாம் என்றும் தெரிந்திருக்க வேண்டும். சாப்பாடு அந்தந்த ஊர்ப் பெண்கள் சமைத்ததாக இருக்கட்டும், அதற்குரிய காசு அவர்கள் கைக்குப் போகட்டும்.

எனக்கு இதையெல்லாம்விட முக்கியம் பாதை. தார்ச்சாலை ஓரத்தில் நடப்பது இனி நடவாத காரியம். போலீஸார் ஒளிரும் பட்டை கொடுக்கிறார்கள், நல்லது. ஆனாலும் ஒவ்வொரு தையிலும் பேப்பரைப் பிரிக்கப் பயமாக இருக்கிறது. ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஓரத்தில் தனி நடைபாதை போட்டார்கள். நம் பக்கத்துக்கு அதுவும் வேண்டியதில்லை, வாய்க்கால்கள் இருக்கின்றன. ஜேடர்பாளையம் அணையிலிருந்து வேலூருக்கு ராஜவாய்க்கால் கரை. வாழை, வெற்றிலைக் கொடிக்கால், பாக்கு, வழியெல்லாம் நிழல். சங்ககிரி, பள்ளிபாளையம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஈரோட்டிலிருந்து கொடுமுடிப் பக்கம்வரை காலிங்கராயன் வாய்க்கால். எழுநூறு வருடத்துக்கு மேற்பட்டது, வெட்டியவன் வளைத்து வளைத்துத்தான் கொண்டுபோயிருக்கிறான், நடப்பவனுக்கு அது சௌகரியம். கொஞ்சம் சுற்று, அரை நாள் கூட ஆகும். கரையைச் சமன்படுத்தி, மரம் நட்டு, எட்டு கிலோமீட்டருக்கு ஒரு கழிப்பறையும் குழாயும் வைத்தால், பொதுப்பணத்தில் செய்யக்கூடிய செலவுதான். சாலை மதிப்பீடு போட்டுப் பழகின கை, சொல்கிறேன், ஒரு மேம்பாலத்தின் ஓரம்கூட ஆகாது. அதில் பேக்கேஜில் வருகிறவரும் நடக்கட்டும், கையில் ஒரு மஞ்சள் பையோடு தனியாக வருகிற கிழவனும் நடக்கட்டும். அம்புக்குறி வரைய நான் வருகிறேன், பெயிண்ட் வாங்கிக் கொடுத்தால் போதும்.

மாப்பிள்ளைக்கு வேறு பதில் எழுதினேன். அடுத்த நாளே அவர் முன்பணம் கட்டிவிட்டார், அவளுக்கும் அவள் தங்கைக்கும். மார்கழி கடைசியில் புறப்பாடு, பழநி சேரும்போது தை பிறந்திருக்கும். எனக்குக் கட்டவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் இடது முழங்கால் மாற்றியாயிற்று, ஐந்து கிலோமீட்டர் என் எல்லை. மலைக்கு விஞ்ச் இருக்கிறது, ரோப்கார் இருக்கிறது, ஆனால் அவள் படியேறித்தான் போவேன் என்று இப்போதே சொல்லிவிட்டாள். காலையில் ஐந்தரைக்கு எழுந்து ஸ்கூல் மைதானத்தை ஒன்பது சுற்று சுற்றுகிறாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து சுற்றை எண்ணுகிறேன். எட்டு என்று சொன்னால், "ஒம்போதுங்க, ஒழுங்கா எண்ணுங்க" என்கிறாள்.

அவர்கள் முத்தூர் தாண்டுகிற நாள் எது என்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அந்தப் பாட்டி இருந்த இடம் எனக்கு இன்னும் அடையாளம் தெரியும், மரம்தான் இல்லை. முதல் பஸ்ஸில் போய் இறங்கி, பக்கத்து வீட்டில் ஒரு பானை இரவல் வாங்கினால் போதும். தயிர் ராசிபுரத்திலிருந்தே கொண்டுபோகலாம் என்றேன். வழியிலேயே புளித்துவிடும், அங்கேயே வாங்கிக் கடையுங்கள், உப்பு பார்த்துப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள்.